ஜாஸ் தட்டுகளை அடுக்கிய கைகள்

1930 ஜூலை 16 அன்று ஹாலிவுட்டில் ஜிம்மி ராட்ஜர்ஸ் 'ப்ளூ யோடல் எண் 9' என்ற பாட்டைப் பதிவு செய்தார். ராட்ஜர்ஸ் வெள்ளையர். ரயில்வேயில் பிரேக்மேனாக இருந்து, அமெரிக்கத் தெற்கின் கிராமியப் பாடகராகப் பேரெடுத்தவர். அந்தப் பாட்டில் அவர் குரலைத் தொட்டுத் தொட்டுப் போகும் ட்ரம்பெட் லூயி ஆம்ஸ்ட்ராங்குடையது. பியானோவில் லில் ஹார்டின் ஆம்ஸ்ட்ராங். விக்டர் கம்பெனி அதைத் தன் கிராமியப் பாடல் வரிசையில் 23580 என்ற எண்ணில் வெளியிட்டது. லேபிளில் ஆம்ஸ்ட்ராங்கின் பெயர் இல்லை. அவர் அப்போது வேறொரு கம்பெனியின் ஆள் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனாலும் அந்த வரிசையில் ஒரு கறுப்பினக் கலைஞரின் பெயரை வாங்குபவர் எதிர்பார்த்திருக்க மாட்டார். தட்டை எந்த அலமாரியில் வைக்க வேண்டும் என்பதை அதன் எண்ணே கடைக்காரருக்குச் சொல்லிவிட்டது.

ஜாஸின் முதல் முப்பது ஆண்டுகளை இன்று நாம் அறிவது இசைத்தட்டுகள் வழியாகத்தான். மேடையில் வாசித்தது காற்றோடு போயிற்று. மெழுகில் பதிந்தது மட்டும் மிஞ்சியது. அந்தத் தட்டுகளும் தனித்தனியாக நம்மிடம் வந்து சேரவில்லை. ஏதோ ஒரு வரிசையில், ஏதோ ஒரு தலைப்பின் கீழ் கட்டப்பட்டே வந்தன. எந்த அடிப்படையில் கட்டினார்கள், அதனால் யார் உள்ளே வந்தார்கள், யார் வெளியே போனார்கள் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி. வரிசைகள் வரலாற்றுக்குப் பின்னால் வந்த ஒழுங்கு என்று பொதுவாக எண்ணுகிறோம். என் பார்வையில் அவைதான் அந்த வரலாற்றை எழுதின.

முதல் அடிப்படை தோலின் நிறம். 1920 ஆகஸ்ட்டில் மேமி ஸ்மித் ஓகே கம்பெனிக்காக 'கிரேஸி ப்ளூஸ்' பாடினார். 4169 என்ற எண்ணில், பொது வரிசையில்தான் அது வந்தது. கறுப்பின மக்கள் அதைப் போட்டி போட்டு வாங்கியதைப் பார்த்த பிறகே அவர்களும் தட்டு வாங்குபவர்கள் என்பது கம்பெனிகளுக்கு உறைத்தது. அடுத்த ஆண்டே ஓகே 8000 என்ற எண்ணில் தொடங்கி ஒரு தனி வரிசையைத் திறந்தது. பாராமவுண்ட் 12000-இலும் கொலம்பியா 14000-இலும் வொக்காலியன் 1000-இலும் பின்தொடர்ந்தன. 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள், என்பது விளம்பரங்களில் அச்சான பெயர். அந்தக் காலத்தில் கறுப்பினப் பத்திரிகைகளே தம் மக்களைப் பெருமையோடு அந்தச் சொல்லால் குறித்தன என்பதால், இன்று கேட்கும் கசப்பு அன்று எல்லோருக்கும் கேட்கவில்லை. வெள்ளையரின் கிராமிய இசைக்கும் இதே வேகத்தில் தனி எண்கள் வந்தன: ஓகேயில் 45000, கொலம்பியாவில் 15000.

ஒரே கம்பெனியின் இரண்டு தட்டுகளை எடுத்துப் பார்க்கலாம். 1927 பிப்ரவரியில் ஃப்ராங்கி ட்ரம்பாவர் குழு நியூயார்க்கில் 'சிங்கிங் த ப்ளூஸ்' பதிவு செய்தது. அதில் பிக்ஸ் பைடர்பெக்கின் கார்னெட் தனி ஆவர்த்தனம் இன்றுவரை பாடமாக வாசிக்கப்படுகிறது. அதே ஆண்டு மே மாதம் சிகாகோவில் ஆம்ஸ்ட்ராங் தன் ஹாட் செவன் குழுவோடு 'பொட்டேட்டோ ஹெட் ப்ளூஸ்' வாசித்தார். இரண்டும் ஓகே. முன்னது 40772, பின்னது 8503. இருவரும் ஒருவரையொருவர் உன்னிப்பாகக் கேட்டவர்கள். அவர்கள் காலத்தின் இரண்டு பெரிய கார்னெட் குரல்கள். ஆனால் ஒருவருடைய தட்டு நகரின் பெரிய கடையில் இருக்கும், மற்றவருடையது கறுப்பினக் குடியிருப்பின் கடையிலோ தபால் பட்டியலிலோ இருக்கும். முடிதிருத்தகம், மளிகைக் கடை, ரயிலில் போய்வரும் போர்ட்டர்கள் என்று பல கை மாறித்தான் அந்த இரண்டாவது வகைத் தட்டுகள் பரவின.

விக்டர் சற்று வேறு வழியில் போனது. 1929-இல் அது தொடங்கிய வி-38000 வரிசையை 'ஹாட் டான்ஸ்' இசைக்கு ஒதுக்கியது. ஜெல்லி ரோல் மார்ட்டன், எலிங்டன், பென்னி மோட்டன் எல்லோரும் அதில் இருந்தார்கள். எடி காண்டன் அந்த ஆண்டு பிப்ரவரியில் கறுப்பரும் வெள்ளையருமாகக் கலந்து அமைத்த குழுவின் தட்டு வி-38046 ஆக அங்கேதான் வந்தது. இசையின் தன்மையை வைத்துப் பெயரிட்ட வரிசையில் ஒரு கலப்புக் குழு சத்தமில்லாமல் இடம் பிடித்தது.

இந்த வரிசைகளை வெறும் ஒதுக்கல் என்று தள்ளிவிடவும் முடியாது. தனிச் சந்தை இருக்கிறது என்ற நம்பிக்கை இல்லையென்றால் பெஸ்ஸி ஸ்மித்தின் பாட்டுகளில் பெரும்பகுதியும், மா ரெய்னியின் முழுப் பங்களிப்பும், ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவும் பதிவாகியிருக்குமா என்பது ஐயமே. பாராமவுண்ட் விஸ்கான்சின் மாநிலத்தில் நாற்காலி செய்யும் கம்பெனியின் துணைத் தொழில். கிராமஃபோன் பெட்டி விற்க வேண்டுமே என்று தட்டு போட்டவர்கள் அவர்கள். ஜே. மேயோ வில்லியம்ஸ் என்ற கறுப்பின நிர்வாகியை வைத்துக்கொண்டு, அந்தச் சிறு கம்பெனி அமெரிக்க இசையின் விலைமதிப்பற்ற ஒரு பகுதியைச் சேர்த்துவிட்டது. கறுப்பினத்தவரே நடத்திய பிளாக் ஸ்வான் 1921-இல் தொடங்கி, 1924-இல் அதே பாராமவுண்ட் கைக்குப் போனது. நிறத்தால் பிரித்த பழக்கம் பிற்பாடும் எளிதில் போகவில்லை. 1940-இல் அமெரிக்க டெக்கா தன் கறுப்பினக் கலைஞர்களின் புது வரிசைக்கு 'செபியா' என்று பெயர் வைத்தது. மென்மையான சொல், அலமாரி பழையதே.

கடல் கடந்ததும் இந்தச் சுவர் விழுந்தது. ஓகேயின் பதிவுகளை இங்கிலாந்தில் பார்லஃபோன் வெளியிட்டது. அதற்கு ரேஸ் வரிசை என்ற சந்தையே அங்கு இல்லை. 1929 முடியும் தறுவாயில் 'நியூ ரிதம் ஸ்டைல் சீரிஸ்' என்று ஒரு தொடரைத் தொடங்கி, ஆம்ஸ்ட்ராங்கையும் பைடர்பெக்கையும் எடி லேங்கையும் ஒரே எண் வரிசையில் அடுக்கியது. தொடரின் பெயரும் அதில் அந்தத் தட்டின் எண்ணும் லேபிளிலேயே அச்சாயின. ஒரு பக்கம் கறுப்பினக் குழு, மறுபக்கம் வெள்ளையர் குழு என்றும் பல தட்டுகள் வந்தன. மெலடி மேக்கர் இதழில் எட்கர் ஜாக்சன் எழுதிய மதிப்புரைகள் அதற்கான வாசகர்களை ஏற்கெனவே தயார் செய்திருந்தன. தொடர் எண் இருந்ததால் இளைஞர்கள் விடுபட்ட எண்களைத் தேடினார்கள். தேடியதால் சேகரிப்பாளர்கள் ஆனார்கள். பிறகு எச்.எம்.வி. 'ஸ்விங் மியூசிக்' என்று ஆண்டு குறிப்பிட்ட தொடர் வெளியிட்டது. ஜாஸை நடனத் துணையாக மட்டும் எண்ணாமல், உட்கார்ந்து கேட்கும் இசையாகத் தொகுத்து விற்கலாம் என்று முதலில் தொடர்ந்து காட்டியது இந்த பிரிட்டிஷ் தொடர்களே. அமெரிக்கர்கள் தம் சொந்த இசையை வெளியிலிருந்து திரும்ப வாங்கிக்கொண்ட கதை இங்கே தொடங்குகிறது.

பொருளாதாரப் பெருவீழ்ச்சி அமெரிக்கத் தட்டுத் தொழிலை நொறுக்கியது. 1927-இல் 10 கோடிக்கு மேல் விற்ற தட்டுகள் 1932-இல் 60 லட்சம் அளவுக்கு இறங்கின. பல வரிசைகள் நின்றன, பாராமவுண்ட் மூடியது. பழைய தட்டுகள் பட்டியலிலிருந்து நீங்கிப்போன அந்த ஆண்டுகளில், நியூயார்க் 42-ஆம் தெருவில் மில்ட் கேப்ளர் என்ற இளைஞர் தன் குடும்பத்தின் ரேடியோ கடையை கமடோர் மியூசிக் ஷாப் ஆக்கினார். பெரிய கம்பெனிகளிடம் போய், நிறுத்திவிட்ட தட்டுகளைத் தனக்காக மறுபடி அச்சடித்துத் தரச் சொல்லி, 1930-களின் நடுவில் 'யுனைடெட் ஹாட் கிளப்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற பெயரில் விற்றார். அந்த லேபிள்களில் ஒரு புதுமை இருந்தது. குழுத் தலைவரின் பெயரோடு நிற்காமல், ட்ரம்பெட் யார், கிளாரினெட் யார், பியானோ யார் என்று வாசித்தவர்கள் எல்லோரையும் அச்சிட்டார். அதே காலத்தில் பாரிஸில் சார்ல்ஸ் டெலோனே 1936-இல் 'ஹாட் டிஸ்காகிராஃபி' என்ற இசைத்தட்டு விவரப் பட்டியலை வெளியிட்டார். தட்டின் உள்வட்ட மெழுகில் கீறியிருக்கும் மேட்ரிக்ஸ் எண்ணைப் படித்து, எந்த நாளில் எந்த வரிசையில் எத்தனையாவது முறையாக ஒரு பாட்டு பதிவானது என்று கண்டுபிடிக்கும் வேலை இங்கே ஒரு துறையாக ஆனது.

அந்த எண் எவ்வளவு பேசும் என்பதற்கு ஒரு சான்று போதும். 1925 நவம்பர் 12 அன்று ஹாட் ஃபைவின் முதல் அமர்வில் 'மை ஹார்ட்', 'யெஸ்! ஐம் இன் த பேரல்', 'கட் பக்கெட் ப்ளூஸ்' மூன்றும் பதிவாயின. மேட்ரிக்ஸ் எண்கள் 9484, 9485, 9486. ஆனால் கடைக்கு வந்தபோது பின்னிரண்டும் 8261 என்ற தட்டில் சேர்ந்தன. 'மை ஹார்ட்' தனியாகி, அடுத்த ஆண்டு பதிவான 'கார்னெட் சாப் சூயி'யுடன் 8320 ஆனது. விற்பனை எண்ணை நம்பி வரிசைப்படுத்தினால் ஆம்ஸ்ட்ராங்கின் வளர்ச்சி குழம்பிப்போகும். மெழுகில் கீறிய எண்ணைப் பார்த்தால் அன்று காலை முதல் மாலை வரை நடந்ததே தெரியும்.

அடுத்த அடிப்படை, ஊர். யேல் பல்கலைக்கழக மாணவராக இருந்த ஜார்ஜ் அவாகியன் 1939-இல் டெக்காவுக்காக 'சிகாகோ ஜாஸ்' தொகுத்தார். ஆறு தட்டுகள், ஒரு சிறு விளக்கப் புத்தகம், ஒரே அட்டைக்குள். பழைய தட்டுகளைச் சேர்த்த தொகுப்பல்ல அது. எடி காண்டன், ஜிம்மி மெக்பார்ட்லண்ட், ஜார்ஜ் வெட்லிங் ஆகியோரின் குழுக்களை வைத்து ஒரு பாணியை நினைவுபடுத்தப் புதிதாகப் பதிந்தது. டெக்கா உடனே 'நியூ ஆர்லியன்ஸ் ஜாஸ்', 'கன்சாஸ் சிட்டி ஜாஸ்' என்று தொடர்ந்தது. இப்போது பதிவு விவரங்களைப் பாருங்கள். சிகாகோ தொகுப்பில் காண்டன், வெட்லிங் குழுக்கள் வாசித்தது நியூயார்க்கில். நியூ ஆர்லியன்ஸ் தொகுப்பில் ஆம்ஸ்ட்ராங்கும் சிட்னி பெஷேயும் நியூயார்க்கில், ஜானி டாட்ஸும் ஜிம்மி நூனும் சிகாகோவில். நியூ ஆர்லியன்ஸில் ஒரு பக்கம்கூடப் பதிவாகவில்லை. கன்சாஸ் சிட்டி தொகுப்புக்காக ஜோ டர்னர் பாடியதும் நியூயார்க்கில்தான். ஊர்ப்பெயர் இங்கே இடத்தைக் குறிக்கவில்லை, ஒரு பாணிக்கு வைத்த பெயராக ஆகிவிட்டது. நியூ ஆர்லியன்ஸில் பிறந்து, சிகாகோவுக்குப் போய், நியூயார்க்கில் முடியும் ஜாஸின் பயணம் என்று பாடப்புத்தகங்கள் இன்றும் சொல்லும் கதைக்கு இந்த அட்டைப்பெட்டிகள் பெரிய அளவில் உரம் போட்டன. டெக்ஸாஸ், கலிஃபோர்னியா, ஓக்லஹோமா என்று அலைந்த குழுக்கள் எந்தப் பெட்டிக்குள்ளும் அடங்காமல் ஓரத்தில் நின்றன.

1940-இல் கொலம்பியா அவாகியனை அழைத்துக்கொண்டது. கனெக்டிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட் ஆலையில் கிடந்த பழைய உலோக அச்சுகளைத் தோண்டி, வெளிவராத ஆம்ஸ்ட்ராங் பதிவுகளையும் அவர் கண்டெடுத்தார். 'ஹாட் ஜாஸ் கிளாஸிக்ஸ்' என்ற தொடரில் ஆம்ஸ்ட்ராங், பைடர்பெக், ஃப்ளெட்சர் ஹெண்டர்சன், பெஸ்ஸி ஸ்மித் என்று ஆளுக்கொரு தொகுப்பு. முன்பு எண்ணால் பிரிக்கப்பட்ட ஆம்ஸ்ட்ராங்கும் பைடர்பெக்கும் அப்போது சொந்த நாட்டிலும் ஒரே தொடரில் அடுத்தடுத்து நின்றார்கள். 1948-இல் நீண்ட நேரம் ஓடும் எல்.பி. தட்டு வந்தபின் அதே அவாகியன் 'த லூயி ஆம்ஸ்ட்ராங் ஸ்டோரி' என்று நான்கு எல்.பி.களை வெளியிட்டார், பெஸ்ஸிக்கும் பைடர்பெக்குக்கும் அப்படியே. ஒரு மனிதரின் வளர்ச்சியாக இசையைக் கேட்கும் பழக்கம் இதில் வேரூன்றியது. இதற்கு ஒரு விலையும் உண்டு. கேட்பவரின் கண் நாயகன் மேலேயே நிற்கும்; அதே தட்டில் ஜானி டாட்ஸின் கிளாரினெட் என்ன செய்கிறது என்று கேட்கும் காது மங்கும்.

ஃபோக்வேஸ் கம்பெனி எடுத்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஃப்ரெடரிக் ராம்ஸி தொகுத்து 1950 முதல் 1953 வரை வந்த 'ஜாஸ்' தொடரில் 11 எல்.பி.கள். முதலாவது தெற்கு, இரண்டாவது ப்ளூஸ், மூன்றாவது நியூ ஆர்லியன்ஸ். பிறகு பாடகர்கள், சிகாகோவுக்கு இரண்டு, நியூயார்க், பெரிய குழுக்கள், பியானோ, பூகி வூகி, கடைசியில் விட்டுப்போனவற்றுக்கு ஒன்று. ஊர், வாத்தியம், வடிவம் என்று அடிப்படையை மாற்றி மாற்றிப் போனார். இலக்கணமாகப் பார்த்தால் குளறுபடி. காதுக்கோ, ஒரே இசைக்குப் பல வாசல்கள். ஒரு கம்பெனியின் கிடங்கோடு நிற்காமல் எல்லாக் கம்பெனிகளின் தட்டுகளிலிருந்தும் எடுத்தார். உரிமையாளர்களிடம் முறையாக அனுமதி பெறாமல்தான். பட்டியலிலிருந்து நீக்கிய பின் யாரும் கேட்க முடியாமல் அடைத்து வைப்பது சரியல்ல என்பது கம்பெனியை நடத்திய மோசஸ் ஆஷின் வாதம். 1952-இல் இதே ஃபோக்வேஸ் ஹாரி ஸ்மித்தின் 'அமெரிக்க நாட்டுப்புற இசைத் தொகை'யை வெளியிட்டது. ஜாஸ் அல்லாத 84 பதிவுகள். ரேஸ் வரிசையும் கிராமிய வரிசையும் கலந்து, பாடியவரின் நிறத்தைச் சொல்லாமல் அடுக்கியது. கேட்ட பலரால் யார் கறுப்பர், யார் வெள்ளையர் என்று சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டு எண் முறையை ஒரு பெட்டி கலைத்துவிட்டது.

அதே ஆண்டுகளில் திருட்டுப் பதிப்புகளும் பெருகின. ஜாலி ரோஜர் என்ற பெயரிலேயே வெளிவந்த ஒரு லேபிள் பழைய ஜாஸை எல்.பி.யாக்கி விற்றது. 'ரெக்கார்ட் சேஞ்சர்' இதழ் 1951-இல் விசாரித்து, அந்தத் தட்டுகளை அச்சடித்துத் தந்தது ஆர்.சி.ஏ. விக்டரின் சொந்த ஆலையே என்று அம்பலப்படுத்தியது. விக்டருக்கே சொந்தமான பழைய பதிவுகளும் அவற்றில் இருந்தன. இதழை நடத்திய பில் கிராவரையும் ஓரின் கீப்நியூஸையும் அழைத்து, அந்தக் கிடங்கைத் திறந்து 'வால்ட் ஒரிஜினல்ஸ்' தொடரைத் தயாரிக்கும் பொறுப்பை ஆர்.சி.ஏ. பிறகு கொடுத்தது. இருவரும் 1953-இல் ரிவர்சைட் கம்பெனியைத் தொடங்கி, பாராமவுண்ட், ஜெனட் தட்டுகளை மறுபதிப்புச் செய்தார்கள்.

உரிமை யாரிடம் என்பது எந்தத் தலைப்பையும்விட வலிமையானது என்பதற்கு கிங் ஆலிவர் சாட்சி. 1923-இல் அவருடைய கிரியோல் ஜாஸ் பேண்ட், இரண்டாவது கார்னெட்டில் இளம் ஆம்ஸ்ட்ராங்கோடு, 37 பக்கங்கள் பதிவு செய்தது. ஜெனட், ஓகே, கொலம்பியா, பாராமவுண்ட் என்று நான்கு கம்பெனிகளுக்கு. ஒரே ஆண்டில் ஒரே குழு வாசித்ததைக் கேட்க விரும்பியவர் பல பத்தாண்டுகள் பல லேபிள்களைத் துரத்த வேண்டியிருந்தது. கிடைத்தபோதும் ஒலி ஏறுக்குமாறு. ஜெனட்டும் பாராமவுண்டும் தேய்ந்த தட்டுகளிலிருந்தே எடுக்க வேண்டியவை.

1970-களிலிருந்து வந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். 1973-இல் மார்ட்டின் வில்லியம்ஸ் தொகுத்த ஸ்மித்சோனியன் பெட்டி ஆறு எல்.பி.களில் பல கம்பெனிகளைச் சேர்த்து, கல்லூரி வகுப்புகளின் பாடமானது. டைம் லைஃப் 'ஜயன்ட்ஸ் ஆஃப் ஜாஸ்' பெட்டிகளைத் தபாலில் அனுப்பியது. ராபர்ட் பார்க்கர் 1980-களில் பழைய தட்டுகளின் ஒலியைத் துப்புரவாக்கி மறுபடியும் நியூ ஆர்லியன்ஸ், சிகாகோ, நியூயார்க் என்றே தொடங்கினார். ஐரோப்பாவில் அப்போது பதிவுக்கு 50 ஆண்டுதான் காப்புரிமை இருந்தது என்பதால், சிடி காலத்தில் அங்கே வெள்ளம் புரண்டது. பிரான்ஸில் ஜில் பெத்தார் 'கிரானாலஜிகல் கிளாஸிக்ஸ்' தொடரில் ஒவ்வொரு கலைஞரையும் நாள் வரிசைப்படி அடுக்கினார்; வேறு எவரும் தொடாத குழுக்களுக்கும் தனி சிடி கிடைத்தது. ஆஸ்திரியாவில் ஜானி பார்த் டாக்குமெண்ட் லேபிள் வழியாக ப்ளூஸுக்கு அதையே செய்தார்.

நாள் வரிசை ஆய்வாளருக்கு வரம். ஆனால் ஒரே பாடகரின் ஒரே வேகப் பாட்டுகள் இருபதைத் தொடர்ந்து கேட்பது அந்த இசைக்கு நியாயம் செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று நிமிடத் தட்டு, போட்டுக் கேட்டுத் திருப்பிப் போடுவதற்காகச் செய்யப்பட்டது. முழுமை ஒரு வரிசை முறைதான். அதுவும் ஒரு தேர்வே. மேலும், ஏற்கெனவே தலைவர் என்று பெயர் அச்சானவருக்கே சிடி கிடைக்கும். பின்னால் அமர்ந்து வாசித்தவர் நாள் வரிசையிலும் பின்னாலேயே இருப்பார்.

இந்த ஓட்டையை அடைக்க வந்தவர் ரொசெட்டா ரைட்ஸ். 1979-இல் நியூயார்க்கில் ரொசெட்டா ரெக்கார்ட்ஸைத் தொடங்கி, ஜாஸ், ப்ளூஸ் பெண்களை மட்டும் தொகுத்தார். தொடரின் முதல் தட்டு 'மீன் மதர்ஸ்'. கணவனுக்காக ஏங்கி அழும் பாட்டுகளையே பெண்களின் ப்ளூஸ் என்று காட்டிவந்த தொகுப்புகளுக்கு நடுவில், தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் பெண்களின் குரல்களைத் தேடித் தேடி எடுத்தார். ட்ரம்பெட் கலைஞர் வலைடா ஸ்னோவுக்கு ஒரு தட்டு. பல இனப் பெண்கள் சேர்ந்து வாசித்த இன்டர்நேஷனல் ஸ்வீட்ஹார்ட்ஸ் ஆஃப் ரிதம் குழுவுக்கு ஒன்று. புதிதாக எதுவும் பதியவில்லை. எல்லாம் கிடங்குகளிலும் சேகரிப்பாளர் வீடுகளிலும் இருந்தவை. தலைப்பை மாற்றியதும் இல்லாமலிருந்த ஒரு வரலாறு கேட்கத் தொடங்கியது. இத்தனை வரிசைகளில் எனக்கு மிகுந்த மரியாதை இவருடையதன் மேல்தான்.

இன்று இணையத்தில் அதே பதிவுகள் ஆயிரம் பெயரில்லாத் தொகுப்புகளில் சுற்றுகின்றன. கேப்ளர் 1930-களில் லேபிளில் அச்சிட்ட வாத்தியக்காரர் பெயர்கள் அவற்றில் பெரும்பாலும் இல்லை. பதிவு நாளும் இல்லை, மறுபதிப்பு ஆண்டையே போட்டுவிடுகிறார்கள். அமெரிக்கச் சட்டமோ இப்போது வழிவிடுகிறது. 2018-இல் வந்த சட்டத்தின்படி 1923 முதல் 1946 வரை வெளியான பதிவுகளுக்கு நூறு ஆண்டு; 1923-இல் வெளியான கிங் ஆலிவர் தட்டுகள் 2024 ஜனவரி 1 முதல் பொதுவுடைமை. 1927-இல் வெளியானவை 2028 ஜனவரி 1 அன்று திறக்கும். அந்த 1927-ஆம் ஆண்டில் ஓகே வெளியிட்ட எல்லாவற்றையும், 8000, 40000, 45000 மூன்று வரிசைகளையும் கலந்து, மேட்ரிக்ஸ் எண்ணும் நாளும் ஊரும் வாசித்தவர் பெயரும் போட்டு, பதிவான வரிசையில் அடுக்கித் தரும் ஒரு தொடர் இதுவரை என் கண்ணில் பட்டதில்லை. செய்யத் துணிபவருக்கு உரிமை கேட்டு யார் கதவையும் தட்ட வேண்டியிருக்காது. தட்டுகளும் டிஸ்காகிராஃபிகளும் தயாராக இருக்கின்றன.